மறைபொருளும் அருட்சாதனமும்: ஓர் இறையியற் சொல்லின் பொருள் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கிரேக்கத்தில் ‘மிஸ்தேரியோன்’ எனவும் இலத்தீனில் ‘சக்ரமெந்தும்’ எனவும் வழங்கிய கிறித்தவ இறையியற் கருத்து, தமிழில் சாக்கிரமெந்து, தேவதிரவிய அனுமானம், அருட்சாதனம், அருளடையாளம் எனப் பல பெயர்களைப் பெற்றுள்ளது. இப்பெயர்கள் ஒன்றற்கொன்று மாற்றாக நிற்பவை அல்ல. ஒவ்வொன்றும் அக்கருத்தின் ஒரு கூற்றை முன்னிறுத்தி மற்றொன்றை மறைக்கின்றது. விவிலியச் சான்று, முதல் ஐந்து நூற்றாண்டுத் திருச்சபையின் வழக்கு, தமிழ் அளவை மரபு ஆகிய மூன்றையும் ஒப்புநோக்கி இச்சொற்களின் பொருத்தப்பாட்டை இக்கட்டுரை ஆராய்கின்றது.

குறிச்சொற்கள்: மறைபொருள், அருட்சாதனம், தேவதிரவிய அனுமானம், அகுஸ்தீன், அளவையியல், திருமுழுக்கு.

முன்னுரை

தமிழ்க் கிறித்தவ இலக்கியம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் காப்பியம், சிற்றிலக்கியம், அகராதி, உரைநடை வளர்ச்சி என்னும் எல்லைக்குள் நின்றுவிடுகின்றன. ‘தேம்பாவணி’யும் ‘சதுரகராதி’யும் பெற்ற கவனத்தை ஞானோபதேசச் சிறுநூல்கள் பெறவில்லை. எனினும், நாள்தோறும் மனப்பாடமாக ஓதப்பட்டு மக்கள் நாவில் தங்கியவை அச்சிறுநூல்களின் சொற்களே. 1578இல் கொல்லத்தில் அச்சேறிய ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறு பக்க அளவினது. தமிழெழுத்தில் அச்சான முதல் நூல் என்னும் சிறப்பால் அதனை நினைவுகூர்கின்றோம். ஓர் அயல் இறையியலைத் தமிழில் சொல்ல முனைந்த முயற்சி என்னும் வகையில் அது வாசிக்கப்பட்டது குறைவு.

அவ்வகை வாசிப்புக்கு ஒரே ஒரு சொல்லை இக்கட்டுரை எடுத்துக்கொள்கின்றது. கட்புலனாகும் நீர், அப்பம், இரசம், எண்ணெய் முதலியவற்றின் வாயிலாகக் கட்புலனாகா இறையருள் வழங்கப்பெறுகின்றது என்பது கிறித்தவக் கொள்கை. இதனைக் குறிக்கும் பொதுச்சொல்லை லுத்தரன் மரபு ‘சாக்கிரமெந்து’ என்று ஒலிபெயர்த்துக் காத்தது. 20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதி வரை கத்தோலிக்கர் ‘தேவதிரவிய அனுமானம்’ என்றனர். பின்னர்த் ‘திருவருட்சாதனம்’ அல்லது ‘அருட்சாதனம்’ வந்தது. அண்மைக் காலத்தில் ‘அருளடையாளம்’ பெருகி வருகின்றது. தனித்தமிழ் இயக்கத்தின் செல்வாக்கும் வழிபாட்டு மொழி மாற்றமும் இம்மாற்றங்களுக்குப் புறக் காரணங்கள் எனலாம். அகக் காரணம் வேறு. மூலச்சொல்லே ஒருபடித்தான பொருளுடையது அன்று. அம்மூலத்தின் பிளவுதான் தமிழிலும் தொடர்கின்றது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இங்குப் பொதுக்குறியாக ‘அருட்சாதனம்’ என்னும் வழக்கே ஆளப்படுகின்றது.

விவிலியத்தில் மிஸ்தேரியோன்

புதிய ஏற்பாட்டில் திருமுழுக்கு, நற்கருணை ஆகிய சடங்குகள் உள்ளன. அவற்றை ஒருசேரச் சுட்டும் பொதுப்பெயர் இல்லை. ‘மிஸ்தேரியோன்’ என்னும் சொல் அங்கு ஏறத்தாழ இருபத்தேழு இடங்களில் வருகின்றது. அவற்றுள் ஓரிடத்தும் அது ஒரு சடங்கின் பெயராக அமையவில்லை. மாற்கு 4:11இல் அது இறையாட்சியைப் பற்றியது. பவுலின் திருமுகங்களில் அது காலங்காலமாக மறைந்திருந்து கிறித்துவில் வெளிப்பட்ட கடவுளின் திட்டத்தைக் குறிப்பது. இப்பொருளின் வேர் யூத மரபில் உள்ளது. தானியேல் நூலின் இரண்டாம் அதிகாரத்தில் அரசன் கண்ட கனவின் உட்பொருள் அரமேய மொழியில் ‘ராஸ்’ எனப்படுகின்றது; கிரேக்க மொழிபெயர்ப்பு அதனை ‘மிஸ்தேரியோன்’ என்றது. சிரியத் திருச்சபைகள் பிற்காலத்தில் தம் திருச்சடங்குகளை ‘ராஸா’ என்றே அழைத்தமை அவ்வேரோடு தொடர்பு அறாமையைக் காட்டும்.

பொதுவழக்கிலுள்ள புராட்டஸ்டண்டுப் பழைய மொழிபெயர்ப்பு இச்சொல்லை ‘இரகசியம்’ என்றும், 1995இல் வெளிவந்த பொதுமொழிபெயர்ப்பாகிய ‘திருவிவிலியம்’ பல இடங்களில் ‘மறைபொருள்’ என்றும் பெயர்த்துள்ளன. இவ்விரண்டனுள் பின்னையதே சிறந்தது என்பது கட்டுரையாளர் கருத்து. தமிழ்த்தன்மை மட்டும் அதற்குக் காரணம் அன்று. ‘இரகசியம்’ பிறர் அறியாதவாறு காக்கப்படுவது. வெளிப்பட்டுவிட்டால் அது இரகசியம் ஆகாது. பவுல் சொல்வதோ வெளிப்பட்ட பின்னும் ஆழம் குன்றாத ஒன்று. தமிழில் ‘மறை’ என்பது மறைதலையும் குறிக்கும். ஓதப்படும் திருநூலையும் குறிக்கும். மந்திரத்திற்கு இலக்கணம் கூறும் தொல்காப்பியச் செய்யுளியல் அதனை மறைமொழி என்கின்றது. சொல்லப்பட்டும் முற்றச் சொல்லி முடியாதது என்னும் நிழல் ‘மறை’ என்பதில் உண்டு. மறைநூல், மறைக்கல்வி, மறையுரை, மறைசாட்சி எனத் தமிழ்க் கத்தோலிக்க வழக்கு இச்சொல்லைச் சுற்றியே ஒரு சொற்குடும்பத்தைக் கட்டியுள்ளதையும் இங்கு நோக்கலாம்.

ஆணையும் பிணைப்பணமும்

உரோமைப் பேரரசின் ஆப்பிரிக்க மாநிலத்தில் திருநூலை முதன்முதல் இலத்தீனாக்கியோர் ‘மிஸ்தேரியோன்’ என்பதற்குப் பல இடங்களில் ‘சக்ரமெந்தும்’ என்னும் சொல்லை இட்டனர். ஏனைச் சமயங்களின் மறைச்சடங்குகளை நினைவூட்டும் ‘மிஸ்தேரியா’வைத் தவிர்க்க எண்ணியமை இதற்குக் காரணம் என்று அறிஞர் பலர் கருதுவர். ஆயின், புதுச்சொல்லும் வெறுஞ்சொல்லாக வரவில்லை. உரோமையில் அதற்கு இரு பொருள்கள் இருந்தன. வழக்காடும் இருவரும் முன்கூட்டிச் செலுத்திய பிணைப்பணம் ‘சக்ரமெந்தும்’ எனப்பட்டது. வென்றவர் அதனைத் திரும்பப் பெற, தோற்றவர் பணம் பொதுக்கருவூலத்திற்குச் சென்றது என வார்ரோ விளக்குகின்றார். படைவீரன் தன் தலைவன் முன் எடுத்த உறுதிமொழி மற்றொன்று. இரண்டும் ஒருவரைத் தெய்வத்தின் முன் கட்டுப்படுத்துவன.

ஏறத்தாழ கி.பி. 112இல் பித்தீனியாவின் ஆளுநர் இளைய பிளினி பேரரசர் திராயானுக்கு எழுதிய மடலில் இச்சொல் கிறித்தவரோடு சேர்ந்து வருகின்றது. குறித்த நாளில் விடியுமுன் கூடி, களவு முதலிய குற்றங்களைச் செய்வதில்லை என்று அவர்கள் ‘சக்ரமெந்தும்’ கொண்டு தம்மைப் பிணித்துக்கொள்வதாக அவர் எழுதுகின்றார். இங்குச் சுட்டப்படுவது திருமுழுக்கா, பொதுவான உறுதிமொழியா என்பது முடிவாகாத வழக்கு. பிளினி கேட்டறிந்தவை விசாரணையில் கிடைத்த மறுமொழிகளே. அவர் இறையியல் எழுதவில்லை.

கார்த்தேசு நகரத்துத் தெர்த்துல்லியனிடம் இவ்விரு பொருளும் தெளிவாக இணைகின்றன. கி.பி. 200ஐ ஒட்டித் திருமுழுக்கைப் பற்றி அவர் இயற்றிய நூல், நீரின் ‘சக்ரமெந்தும்’ பற்றிய வாழ்த்தோடு தொடங்குகின்றது. படைவீரன் முடிமாலை அணியலாமா என்னும் வினாவை எழுப்பி எழுதிய மற்றொரு நூலில், கடவுளுக்கு எடுத்த ஆணையின்மேல் மனிதனுக்கு எடுக்கும் ஆணையை ஏற்றலாமா என்று அவர் கேட்கின்றார். அங்குத் திருமுழுக்கு ஒரு வீரனின் சேர்க்கை; அதனைப் பெற்றவர் வேறு தலைவனுக்குக் கடமைப்பட்டவர் அல்லர். அரசின் கொடுமைக்கு ஆட்பட்ட ஒரு சிறு கூட்டத்திற்கு இவ்வுருவகம் எத்துணை வலிமை தந்திருக்கும் என்பது எளிதில் விளங்கும்.

கிரேக்கச் சொல் கடவுள் செய்வதைச் சொல்கின்றது. இலத்தீன் சொல் மனிதன் ஏற்பதைச் சொல்கின்றது. மேலைத் திருச்சபையின் பிற்காலச் சமயப்பூசல்கள் பலவற்றின் விதை இவ்வேறுபாட்டில் உள்ளது. 16ஆம் நூற்றாண்டில் சுவிங்கிலி, அருட்சாதனத்தைப் படைவீரன் தைத்துக்கொள்ளும் அடையாளக் குறிக்கு ஒப்பிட்டு, அது அருளை வழங்குவதன்று, சார்பை அறிவிப்பது என்றபோது அவர் நின்ற இடம் தெர்த்துல்லியன் காட்டிய ஆணைப்பொருளுக்கு அண்மையது.

எபேசியர் 5:32 இதற்கு மற்றோர் எடுத்துக்காட்டு. கணவன் மனைவியர் ஒன்றிப்பைக் கிறித்துவுக்கும் திருச்சபைக்கும் உள்ள உறவோடு இணைத்து, இது பெரிய ‘மிஸ்தேரியோன்’ என்கின்றது மூலம். வுல்காத்தா என்னும் இலத்தீன் திருநூல் மாற்கு 4:11இல் ‘மிஸ்தேரியும்’ என்றே நிறுத்தியது; இங்கு ‘சக்ரமெந்தும்’ என்றது. திருமணத்தை ஏழு அருட்சாதனங்களுள் ஒன்றாக நிறுவ முனைந்தோர்க்கு இவ்வரி துணையாயிற்று. 1520இல் லூத்தர், மூலத்தில் உள்ள சொல் சடங்கைக் குறிப்பதன்று என்று காட்டி அத்துணையை மறுத்தார். தமிழ்த் திருநூலில் ‘இரகசியம்’ அல்லது ‘மறைபொருள்’ என்று மட்டும் வாசிப்பவர்க்கு இப்பூசல் எழவே இடமில்லை. ‘மெய்விவாகம்’ என்று பழைய ஞானோபதேசம் எண்ணிய அருட்சாதனத்திற்கும் எபேசியர் வரிக்கும் தமிழில் சொல்லளவில் எத்தொடர்பும் தோன்றாது. மேலைநாட்டில் ஒரு மொழிபெயர்ப்பு உண்டாக்கிய சிக்கலைத் தமிழ் மொழிபெயர்ப்பு ஓசையின்றிக் களைந்துவிட்டது. அதன் விலையாக அச்சிக்கலின் வரலாறும் தமிழ் வாசகர் கண்ணில் படாமற் போயிற்று.

தொடக்கத் திருச்சபையில் நீரும் அப்பமும்

பொதுப்பெயர் இல்லாத காலத்தும் சடங்குகள் நிகழ்ந்தன. 1873இல் பிரியேனியோசு கான்ஸ்தாந்திநோபிளில் கண்டெடுத்து 1883இல் பதிப்பித்த ‘திதாக்கே’ என்னும் சிறுநூல் தொடக்க வழக்கைக் காட்டும் சான்றுகளுள் தலைமையானது. திருமுழுக்கு ஓடும் நீரில் தரப்பட வேண்டும் என்று அது விதிக்கின்றது. ஓடும் நீர் இல்லையேல் வேறு நீர். குளிர்ந்த நீர் இயலாவிடில் வெந்நீர். இரண்டும் இல்லையேல் தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் தலையில் மும்முறை நீர் வார்த்தால் போதும். பெறுவோர் ஓரிரு நாள் நோன்பிருத்தல் வேண்டும். விதியின் கண்டிப்பைக் காட்டிலும் அதன் நெகிழ்ச்சியே இப்பகுதியில் வியப்பளிப்பது. நீரின் அளவு குறையக் குறையச் சடங்கின் தகுதி குறைவதாக அது சொல்லவில்லை.

‘பப்திஸ்மா’ என்னும் கிரேக்கச் சொல்லின் அடிப்பொருள் அமிழ்த்துதல். பழைய ‘ஞானஸ்நானம்’ கழுவுதலை முன்னிறுத்துகின்றது. ‘ஞான’ என்னும் அடை உடற்குளிப்பினின்று அதனை வேறுபடுத்துகின்றது. இன்றைய கத்தோலிக்க வழக்காகிய ‘திருமுழுக்கு’ அமிழ்தலை முன்னிறுத்துகின்றது. உரோமையர் ஆறாம் அதிகாரத்தில் பவுல் திருமுழுக்கைக் கிறித்துவோடு அடக்கம் செய்யப்படுதலாகக் காண்கின்றார். அவ்வுருவகத்திற்கு ‘முழுக்கு’ மிகப் பொருந்துவது. நீர் வார்த்தலை முழுக்கு என்பது முரண் அன்றோ எனச் சிலர் வினவக்கூடும். தமிழ் வழக்கு இதற்கு விடை தருகின்றது. ஐப்பசித் துலா முழுக்கில் ஆற்றில் மூழ்குகின்றனர். குடமுழுக்கிலோ கோபுரக் கலசத்தின்மேல் குடநீர் வார்க்கப்படுகின்றது. இரண்டும் முழுக்கே. திதாக்கே தந்த நெகிழ்ச்சியைத் தமிழ்ச்சொல் இயல்பாகவே தாங்கி நிற்கின்றது. இதனைத் தேர்ந்தோர் இவ்வளவும் கருதினரோ, இல்லையோ, தேர்வு பழுதில்லாதது.

கி.பி. 155ஐ ஒட்டி உரோமையில் யுஸ்தினு பேரரசருக்கு முகவரியிட்டு எழுதிய முதல் விளக்கநூல் மற்றொரு படத்தைத் தருகின்றது. அவர் திருமுழுக்கை ‘ஒளியூட்டல்’ என்கின்றார். ஞாயிறுதோறும் நகரத்தாரும் ஊர்ப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுகின்றனர். திருத்தூதர் நினைவேடுகளோ இறைவாக்கினர் நூல்களோ நேரம் உள்ளவரை வாசிக்கப்படுகின்றன. தலைமை தாங்குபவர் அறிவுரை கூறுகின்றார். அனைவரும் எழுந்து மன்றாடுகின்றனர். அப்பமும் நீர் கலந்த இரசமும் கொண்டுவரப்பட, தலைவர் நன்றி கூற, மக்கள் ‘ஆமென்’ என்கின்றனர். வர இயலாதவர்க்குத் திருத்தொண்டர் எடுத்துச் செல்கின்றனர். திரட்டிய பொருள் கைம்பெண்கள், தாய்தந்தையற்றோர், நோயாளர், சிறைப்பட்டோர், அயலூரார் ஆகியோர்க்குச் செலவிடப்படுகின்றது. நூலோதலும் விருந்தும் ஈகையும் ஒரே நிகழ்வின் கூறுகளாக இங்கு நிற்கின்றன. செல்வர் முந்தி உண்ண வறியவர் பசித்திருந்த கொரிந்து நகரத்துக் கூட்டத்தைப் பவுல் கடிந்துகொண்ட பகுதியோடு (1 கொரிந்தியர் 11) இதனைச் சேர்த்துப் படித்தால், பந்தியில் வேற்றுமை காட்டுவது வெறும் ஒழுங்குக் குறைபாடாகக் கொள்ளப்படவில்லை என்பதும், ஆண்டவரின் உடலையே அறிந்துகொள்ளாத பிழையாகக் கொள்ளப்பட்டது என்பதும் புலனாகும். ‘நற்கருணை’ என்னும் தமிழ்ப்பெயர் நன்றிகூறல் என்னும் கிரேக்கப் பொருளை அப்படியே தருவதன்று. இறைவனின் இரக்கத்தைச் சுட்டுவது. ஆயினும் யுஸ்தினு காட்டும் ஈகைக்கூற்றுக்கு அது அணுக்கமாய் அமைந்தது.

கல்வாய்க்காலில் ஓடிய நீர்

கி.பி. 303இல் தியோக்கிளேசியன் திருநூல்களை ஒப்படைத்து எரிக்க ஆணையிட்டான். ஆப்பிரிக்காவில் ஆயர் சிலர் நூல்களைக் கையளித்தனர். துன்பகாலம் ஓய்ந்தபின், அவ்வாறு கையளித்தவர் ஒருவர் கைவைத்துத் திருநிலைப்படுத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட செசிலியான் கார்த்தேசின் ஆயராக நிற்கலாமா என்னும் வழக்கு எழுந்தது. தொனாத்து கட்சியினர் அவரை ஏற்கவில்லை. திருநூலைக் காட்டிக்கொடுத்த கை தரும் திருமுழுக்கு திருமுழுக்கு ஆகாது என்பது அவர்தம் வாதம். 314இல் ஆர்ல் நகரச் சங்கம் அவர்க்கு எதிராக முடிவு கூறியும் பிளவு ஒரு நூற்றாண்டு நீடித்தது.

தொனாத்து கட்சியினரை வெறும் பிடிவாதக்காரராகக் காட்டும் போக்கு சமயவரலாற்று நூல்களில் உண்டு. அவர்களுக்குப் பின்னால் சிப்பிரியான் என்னும் மறைசாட்சியின் மரபு நின்றது. திருச்சபைக்கு வெளியே தரப்பட்ட திருமுழுக்கு செல்லாது என்று 3ஆம் நூற்றாண்டின் நடுவில் உரோமை ஆயர் ஸ்தேவானோடு வாதிட்டவர் அவர். உயிரைக் கொடுத்து நூலைக் காத்தவர் முன்னிலையில், நூலைக் கொடுத்து உயிரைக் காத்தவர் பலிபீடத்தில் நிற்பதா என்னும் கேள்வியில் அறச்சீற்றம் உண்டு.

இதற்கு விடை தேடியே அகுஸ்தீன் அருட்சாதனக் கொள்கையை வகுத்தார். பேதுரு முழுக்காட்டினாலும் யூதாசு முழுக்காட்டினாலும் முழுக்காட்டுபவர் கிறித்துவே என்பது அவர் நிலை. யோவான் நற்செய்தி விரிவுரைகளில் அவர் தரும் உவமை உழவர்க்கு எளிதில் விளங்குவது: கல்லால் ஆன வாய்க்காலில் நீர் ஓடுகின்றது, கல்லில் எதுவும் முளைப்பதில்லை, பாத்திகள் செழிக்கின்றன. கொடுப்பவரின் தகுதியின்மை கொடையைக் கெடுப்பதில்லை. அதே விரிவுரைகளில், பொருளோடு வாக்குச் சேரும்போது அருட்சாதனம் உண்டாகின்றது, அது கண்ணுக்குப் புலனாகும் வாக்கு என்றும் அவர் விளக்குகின்றார். வாக்கை நீக்கினால் எஞ்சுவது நீர் மட்டுமே. 411இல் கார்த்தேசில் நிகழ்ந்த மாநாட்டில் தொனாத்து கட்சி வீழ்ந்தது. அவ்வெற்றிக்கு அரசின் வற்புறுத்தலும் துணை நின்றது என்பதையும், அவ்வற்புறுத்தலை அகுஸ்தீன் ஏற்றுக்கொண்டார் என்பதையும் மறைத்தல் தகாது. கருத்தின் வலிமை வேறு, அது வென்ற முறை வேறு.

இவ்விடத்தில் அருட்சாதனத்தின் இரு கூறுகள் பிரிந்து தெரிகின்றன. அது அடையாளம், ஒன்றைச் சுட்டுவது. அது கருவி, சுட்டியதை நல்குவது. வாய்க்கால் உவமை கருவித்தன்மையைச் சொல்கின்றது. கண்புலன் வாக்கு என்பது அடையாளத் தன்மையைச் சொல்கின்றது. இடைக்கால இறையியலார் இரண்டையும் ஒருங்கே பிணித்து, சுட்டுவதை விளைவிக்கும் அடையாளம் என்றனர். பீட்டர் லொம்பார்டு 12ஆம் நூற்றாண்டில் ஏழாக எண்ணியது 1439இல் புளோரன்சு சங்கத்திலும் 1547இல் திரெந்து சங்கத்திலும் உறுதி பெற்றது. சீர்திருத்தச் சபைகள் பெரும்பாலும் திருமுழுக்கு, திருவிருந்து என இரண்டையே கொண்டன.

புகையும் நெருப்பும்

இனித் தமிழ்ச்சொற்களுக்கு வரலாம். ‘தேவதிரவிய அனுமானம்’ இன்று கேட்போர்க்கு விந்தையாக ஒலிக்கும். சொல்லமைப்பின்படி தெய்வச் செல்வமாகிய அருளை உய்த்துணர்த்தும் குறி என்பது அதன் பொருள். ‘அனுமானம்’ பேச்சுவழக்கில் ஊகம் என்னும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. ஆதலின் ஐயத்துக்குரியது என்னும் நிழல் அச்சொல்லில் படிந்தது. ஆனால், இதனை ஆக்கியோர் பேச்சுவழக்கை நோக்கவில்லை. அளவை நூலை நோக்கினர். மணிமேகலையின் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையும், சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியும் காண்டல், கருதல், உரை என வகுத்த அறிவாயில்களுள் கருதலே அனுமானம். அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைக்கும் எடுத்துக்காட்டு யாவரும் அறிந்தது: மலையில் நெருப்பு உண்டு, புகை உண்மையால், அடுக்களை போல.

அகுஸ்தீன் தம் ‘கிறித்தவப் போதனை’ நூலில் அடையாளங்களை வகைப்படுத்தும்போது இயற்கை அடையாளத்திற்குத் தருவதும் இதே எடுத்துக்காட்டு. புகையைக் கண்டு நெருப்பை அறிதல். இரு மரபுகளும் தனித்தனியே ஒரே உவமையை அடைந்தன. ஆயின், அகுஸ்தீன் அங்கு நிற்கவில்லை. புகை அறிவிக்க வேண்டும் என்னும் நோக்கமின்றி அறிவிப்பது. மற்றொரு வகை அடையாளம், ஒருவர் தம் உள்ளத்தை மற்றவர்க்குத் தெரிவிக்க விரும்பித் தருவது. சொல் அத்தகையது, அருட்சாதனமும் அவ்வகையினதே.

இவ்வேறுபாட்டை வைத்து நோக்கின் ‘தேவதிரவிய அனுமான’த்தின் குறை பேச்சுவழக்குத் தேய்வினும் ஆழமானது. அனுமானம் நிற்பது உடனிகழ்ச்சியின்மேல்; புகையுள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்பது பலகாலும் கண்டு தெளிந்தது. நீருக்கும் பாவ மன்னிப்புக்கும் அத்தகைய உடனிகழ்ச்சி எங்கும் காணப்பட்டதில்லை. அடுக்களை போலக் காட்டத்தக்க எடுத்துக்காட்டு அதற்கு இல்லை. அவற்றை இணைப்பது கிறித்துவின் வாக்கு. தமிழ் அளவை மரபின்படி சொன்னால், இங்கு அறிவாயில் கருதல் அன்று, உரை. மேலும், புகை நெருப்பை உண்டாக்குவதில்லை. நெருப்பே புகையை உண்டாக்குகின்றது. அருளை விளைவிக்கும் கருவி என்னும் கூறு இச்சொல்லில் முற்றும் விடுபட்டது. அளவை நூற்புலமை மிக்க இச்சொல்லாக்கம், அளவை நூலின் அளவுகோலாலேயே குறையுடையதாகின்றது.

சாதனமும் அடையாளமும்

‘அருட்சாதனம்’ கருவிக்கூற்றை மீட்டது. அதற்கும் ஓர் இடர் உண்டு. சைவ மரபில் சாதனம் என்பது வீடுபேற்றுக்காக உயிர் மேற்கொள்ளும் பயிற்சி. சரியை, கிரியை முதலியன அவ்வகையின. அப்பழக்கத்தோடு கேட்பவர்க்கு, அருளைப் பெற மனிதன் செய்யும் முயற்சி என்று பொருள் தோன்றக்கூடும். கொடுப்பவர் இறைவன், பெறுபவர் மனிதர் என்னும் திசை அங்குத் திரும்பிவிடுகின்றது. ‘திரு’ என்னும் அடை சேர்த்தும் இத்திசைமாற்றம் தடைபடவில்லை. ‘அருளடையாளம்’ எளியது, இனியது. ஆனால், தனித்து நிற்கும்போது சுவிங்கிலியின் அடையாளக்குறிக்கு மிக அருகில் செல்கின்றது. கத்தோலிக்கத் திருச்சபை தானே மறுத்த ஒரு கொள்கைக்கு இடந்தரும் சொல்லை விரும்பி ஏற்றது நகைமுரண்.

இங்கு மணிமேகலை எதிர்பாராத துணை ஒன்றை நல்குகின்றது. தவத்திறம் பூண்டு தருமங்கேட்ட காதையில் எடுத்துக்காட்டுப் போலிகளை வகைப்படுத்தும் பகுதியில் ‘சாதன தன்ம விகலம்’, ‘சாத்திய தன்ம விகலம்’ என்னும் பெயர்கள் வருகின்றன. அவ்விடத்துச் சாதனம் என்பது ஏது; புகை. சாத்தியம் என்பது அதனால் நிறுவப்படுவது, நெருப்பு. ஆக, தமிழ் அளவை மரபில் ‘சாதனம்’ கருவியையும் குறிக்கும். ஒன்றை அறிவித்து நிறுவும் குறியையும் குறிக்கும். பழைய ‘அனுமானம்’ சொல்ல வந்த அடையாளக்கூறும், அது விட்ட கருவிக்கூறும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. ‘அருட்சாதனம்’ என்பதை வழக்கினின்று நீக்க முற்படும் இக்காலத்தில் இப்பொருள் கருதத்தக்கது. அடையாளம் எனச் சொல்லிக் கருவியை விளக்கவுரையில் சேர்ப்பதினும், இரண்டையும் தாங்கவல்ல சொல்லை வைத்து அதன் பழைய பொருளை மறைக்கல்வியில் நினைவூட்டுவது எளிது. ‘சாக்கிரமெந்து’ இவ்வாதங்கள் அனைத்துக்கும் வெளியே நிற்கின்றது. எதையும் தவறாகச் சொல்லாமைக்குக் காரணம், அது எதையும் சொல்லாமையே.

ஒரு பூசுதலின் இரு பெயர்கள்

சொல் மாற்றம் வாழ்வில் விளைவு உண்டாக்குமா என்னும் வினாவிற்கு ஏழனுள் ஒன்று நேரான விடை தருகின்றது. நோயுற்றவர் மூப்பரை அழைக்கட்டும், அவர்கள் ஆண்டவர் பெயரால் எண்ணெய் பூசி மன்றாடட்டும் என்பது யாக்கோபு 5:14இன் கருத்து. 416இல் முதலாம் இன்னொசெந்து குப்பியோ நகர ஆயர்க்கு விடுத்த மடல், ஆயர் மந்திரித்த எண்ணெயைக் குருக்கள் மட்டுமன்றிக் கிறித்தவர் யாவரும் தம் தேவைக்கும் தம் வீட்டார் தேவைக்கும் பூசிக்கொள்ளலாம் என்கின்றது. இடைக்காலத்தில் இப்பூசுதல் சாவின் விளிம்புக்குத் தள்ளப்பட்டு ‘இறுதிப் பூசுதல்’ ஆயிற்று. தமிழில் அது ‘அவஸ்தைப்பூசுதல்’ எனப்பட்டது. அவஸ்தை என்பது இங்கு மரண வேதனை.

அப்பெயர் வழங்கிய காலத்தில் குரு எண்ணெயோடு வீட்டினுள் நுழைவது, நோயாளி பிழையார் என்னும் அறிவிப்பாகவே கொள்ளப்பட்டது. ஆதலின் நினைவு தப்பும் வரை அழைக்காமல் தாழ்த்துவது பலவிடத்தும் வழக்கமாயிற்று. நலம் வேண்டி அமைந்த சடங்கு, நலத்தில் நம்பிக்கை அற்றபின் மட்டுமே நாடப்பட்டது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டுக் கொள்கைத்திரட்டு, இதனை நோயாளருக்குப் பூசுதல் என அழைப்பதே மேலும் பொருத்தம் என்று உரைத்தது. தமிழில் ‘நோயில் பூசுதல்’ வந்தது. ‘அவஸ்தை’ என்னும் ஒரு சொல் நீங்கியதால், சடங்கின் காலமும் இடமும் பெறுவோர் தொகையும் மாறின. வழிபாட்டில் கூடிய முதியோர்க்கும் நோயாளர்க்கும் ஒருசேரப் பூசுதல் இன்று இயல்பான நிகழ்ச்சி.

எனினும், புதுப்பெயரும் மூலத்தை முற்றும் தழுவவில்லை. யாக்கோபு 5:15இல், நம்பிக்கையோடு கூடிய மன்றாட்டு நோயுற்றவருக்குச் செய்வதைக் குறிக்க வரும் ‘சோட்ஸோ’ என்னும் கிரேக்க வினை, நோயினின்று குணமாக்கலையும் அழிவினின்று மீட்டலையும் ஒருங்கே குறிப்பது. ‘அவஸ்தைப்பூசுதல்’ மீட்பை மட்டும் கேட்டது. ‘நோயில் பூசுதல்’ குணத்தை முன்னே கேட்கின்றது. தமிழில் ‘உய்தல்’ என்னும் வினைக்குப் பிழைத்தலும் ஈடேறுதலும் ஆகிய இரு பொருளும் உண்டு. சங்க நூல் முதல் பத்தி நூல் வரை இரண்டிலும் அது ஆளப்பட்டுள்ளது. விவிலிய மொழிபெயர்ப்பாளர் இவ்விடத்தில் அதனைத் தேர்ந்திலர்.